வயித்துக்கு பாத்திக்... மனசுக்கு பெயின்ட்டிங்!

ஈ.சி.ஆர்-ல பைக்கை முறுக்குற பார்ட்டியா நீங்க? அடுத்த தடவை ஈஞ்சம்பாக்கத்துல ஒரு பிரேக் போடுங்க. சோழமண்டல ஓவியர் கிராமம் அங்கேதான் இருக்கு.

சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கர், 1966-ல் தன் மாணவர்களோடு உருவாக்கிய கிராமம் இது. பாத்திக் துணி, கைவினைப் பொருட்கள் விற்ற காசில் வாங்கிய நிலம்! வயித்துக்குக் கைத்தொழில், மனசுக்கு ஓவியம். இதான் அவங்க ஃபார்முலா.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களைப் பார்த்தா, நம்ம மூணாவது செமஸ்டர் மேத்ஸ் நோட்டு ஞாபகம் வரும். எண்கள், கணிதக் குறிகள், ஜாதகக் கட்டம், மலையாள எழுத்துனு கேன்வாஸ் நிறைஞ்சிருக்கும். ஆனா, ஒரு வரிகூட வாசிக்க முடியாது. வேணும்னேதான் அப்படி! அர்த்தம் தேடுறதை நிறுத்துங்க... கர்ப்பக்கிரக இருட்டுல நிக்கிற அமைதி வரும்.

இதே குழுவைச் சேர்ந்த கே.வி.ஹரிதாசன் வரைஞ்சது யந்திரங்களை. முக்கோணம், வட்டம், புள்ளி... அவ்வளவுதான். சாமி உருவமே வேணாம், கண்ணு தானா நடுவுல போய் நிக்கும்.

'வேலையா, பிடிச்சதா?'னு ஹாஸ்டல்ல விடிய விடிய விவாதிக்கிறோமே... ரெண்டையும் ஒரே கையால செஞ்சவங்க ஊரு பாஸ் இது. செல்போனை சைலன்ட்ல போட்டுட்டு, ஒரே ஒரு படத்து முன்னாடி பத்து நிமிஷம் நின்னு பாருங்க!