ரெண்டு ஊத், ஒரு மூக்கு

ரெண்டு ஊத் அத்தர். ரெண்டுமே ஊரைக் கூட்டுற ரகம். கையில இருக்கிற காசுக்கு ஒன்னுதான் வாங்க முடியும். எதை எடுப்பீங்க?

துபாய்ல தம்பி வீட்டுக்குப் போயிருந்தப்போ எனக்கு வந்த சிக்கல் மக்களே இது. தேரா பெர்ஃப்யூம் சூக்ல கடைக்காரர் இடது மணிக்கட்டுல 'ஹிந்தி', வலதுல 'கம்போடி' தடவி விட்டார். ஹிந்தின்னா மொழி இல்லை. நம்ம அசாம் பக்கத்து ஊத்துக்கு வளைகுடாக் கடைகள்ல அதான் பேரு.

ஊத் வேற எதுவுமில்லை, நம்ம அகில்தான். ஆரோக்கியமான அகில் மரத்துல பெருசா வாசனை இருக்காது. காயம்பட்டு, பூஞ்சை உள்ளே போனா, அதை எதிர்க்க மரம் ஒரு பிசினைச் சுரக்கும். அப்படிக் கறுத்துப்போன கட்டையை வாலையில காய்ச்சி இறக்குறதுதான் ஊத் எண்ணெய். ஒரு மரத்தோட நோய் எதிர்ப்பைப் பாட்டில்ல அடைச்சு விக்கிறாங்க! டாக்டருக்குப் பிடிக்காம இருக்குமா?

ஹிந்தி முதல்ல சுத்தமா மாட்டுத்தொழுவம். போகப் போக பழைய தோல் பை, புகை, மரம். கம்போடி எடுத்ததுமே பழம், தேன்னு இனிப்பா வரும். தம்பி மனைவி ஓட்டு கம்போடிக்கு. நான் கையைக் கழுவாம ராத்திரி வரைக்கும் மோந்து பார்த்துட்டு, மறுநாள் போய் ஹிந்தி கால் தோலா வாங்கினேன். (வாங்குறதுன்னா இப்படித்தான் வாங்கணும். நின்ன இடத்துல பத்து பாட்டில் மோந்தா மூக்கு மரத்துடும். நடுவுல காபிக்கொட்டையை நீட்டுவாங்க. வெளியே வந்து நல்ல காத்து வாங்கினாலே போதும்.)

ஊருக்கு வந்ததும் தினமும் போட்டுக்கிட்டு கிளினிக் போனேன். முதல் நாள் ஒரு சொட்டு. நாலாம் நாள், "என்ன, வாசனை நிக்கவே மாட்டேங்குதே"ன்னு ரெண்டு. அடுத்த வாரம் மூணு.

அன்னைக்கு வந்தவங்க ரொம்ப நாளா ஆஸ்துமாவுக்கு என்கிட்ட பார்க்கிற ஒரு அம்மா. மாதாந்திர செக்கப்தான், நல்லா நடந்து வந்தாங்க. எதிர்ல உட்கார்ந்து ரெண்டு நிமிஷத்துல இருமல். ஸ்டெத் வெச்சா வீசிங். "வெளியில கொஞ்சம் நின்னுட்டு வரேன் டாக்டர்"னு அவங்க எழுந்தப்பதான் எனக்கு உறைச்சுது. நெபுலைசர் வெச்சு அரை மணி நேரத்துல சரியாயிடுச்சு.

"ஒரு வாரமாவே சொல்லணும்னு இருந்தேன் சார்"னாங்க சிஸ்டர்.

வாசனை குறையவே இல்லை. பழகின வாசனையை மூளை கண்டுக்காம விட்டுடும். உங்க வீட்டு வாசனை உங்களுக்குத் தெரியாத மாதிரி. எதிர்ல இருக்கிறவருக்கு அது முழுசாப் போகும். ஆஸ்துமா உள்ளவங்களுக்கு நெடியே போதும், மூச்சுக்குழாய் இறுகிடும். ஒற்றைத் தலைவலிக்காரங்களுக்கும் இதே தொல்லைதான். ஆஸ்பத்திரி, லிஃப்ட், ஏசி பஸ்ஸுக்கெல்லாம் ஊத் வேண்டாமே.

கம்போடி வாங்கியிருந்தா தப்பிச்சிருப்பேனான்னு தம்பி கேட்டான். இல்லைடா, இனிப்பா இருக்குன்னு நாலு சொட்டு போட்டிருப்பேன்.

ஹிந்தி இப்போ பீரோவுல இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும், ஒரு சொட்டு.