முறி ஓலை

திங்கள், இரவு

நேற்று ஒரே மந்திரத்தில் இருபத்திரண்டு ஈட்டிக்காரர்கள் போனார்கள். அணியில் நின்றவர் மொத்தம் நாற்பது பேர். அவர்கள் நடுவே நின்ற தளபதியும் போனார். மருமகன் பகடைகளை எண்ணி முடித்தபோது மேசையில் என் படையின் நடுப்பகுதி பல் விழுந்த வாய் போல இருந்தது.

தூக்கம் வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

ஆட்டம் வார்ஹேமர். இங்கிலாந்தில் நாட்டிங்காம் ஊரைச் சேர்ந்த கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1983-இல் கொண்டுவந்த மேசைப்போர். அந்த மாய உலகத்தை நிறுவனமே 2015-இல் அழித்துவிட்டு, 2024-இல் ‘ஓல்ட் வேர்ல்ட்’ என்று புது விதிகளோடு திரும்பக் கொண்டுவந்தது. நாங்கள் இரண்டு பேரும் 2010-இல் வந்த எட்டாம் பதிப்பை விடவில்லை. மந்திரம் அதில்தான் உண்மையிலேயே பயமுறுத்தும். பொம்மைகள் நாங்களே செய்தவை. விளாச்சேரியிலிருந்து கொலுப் பொம்மைக் களிமண் வாங்கி, ஓர் அங்குல உயரத்தில் பிசைந்து, உலர்த்தி, வண்ணம் தீட்டி, இரண்டு சென்டிமீட்டர் சதுர அட்டையில் ஒட்டியிருக்கிறோம். விதிநூலில் என் படைக்குப் பெயர் ‘பேரரசு’. என் கொடியில் இரட்டைக் கயல்.

தோற்றதற்குக் காரணம் எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு முறி ஓலை இருந்தது. எதிரி ஏவும் மந்திரத்தை, பகடை உருட்டாமலே, ஒரே ஒருமுறை முறிக்கும் ஓலை. விலை 25 புள்ளி. ஒரு படைக்கு ஒன்றுதான். மருமகன் முதலில் கானகத்தை எழுப்பும் மந்திரத்தை விட்டான். மூன்று நான்கு பேர் செத்திருப்பார்கள், அவ்வளவுதான். நான் பதறி ஓலையைக் கிழித்தேன். அடுத்த சுற்றில் பூமி பிளந்தது.

“மாமா, நீங்க ஓலையை எப்பவும் முதல் ஏவலுக்கே கிழிச்சிடுறீங்க. நான் அதுக்குத்தான் காத்திருக்கேன்” என்றான்.

செவ்வாய்

பூமி பிளக்கும் மந்திரத்தைப் பற்றி இன்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மண்ணுக்குக் கீழே வாழ்பவை மேலே வந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போகும் என்பது அதன் கதை. ஏவ 18 வேண்டும். நான்காம் படி மந்திரவாதி தன் படியான 4-ஐச் சேர்த்துக்கொள்வார், ஆகப் பகடையில் 14 விழுந்தால் போதும். நான்கு பகடையின் சராசரியே 14. ஏவல் பலித்தால் அந்த அணியில் ஒவ்வொருவரும் தன் பலத்துக்குள் பகடை உருட்டித் தப்ப வேண்டும். மனிதரின் பலம் 3. அதாவது பாதிப் பேர் சாவார்கள். கவசமும் காப்பும் எதுவும் செல்லாது.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் என் பட்டியலில் பாதி அடிபட்டுப் போனது. தளபதிக்கு 45 புள்ளியில் ஒரு காப்புத் தாயத்து வைத்திருந்தேன். மந்திர அடியைத் தாங்கும் கருங்கல் மணி ஒன்றையும், அதுவும் 45 புள்ளி, வாங்க நினைத்திருந்தேன். இரண்டும் நெருப்பையும் மின்னலையும் தாங்கும். பூமி வாய் திறந்தால் இரண்டுக்கும் வேலையில்லை. தொண்ணூறு புள்ளிக்கு நான் வாங்கப் பார்த்தது மன நிம்மதி. அந்த நிம்மதியும் பொய்.

பகடைக்கு வருகிறேன். ஒவ்வொரு மந்திரச் சுற்றிலும் இரண்டு பகடை உருட்டுகிறோம். கூட்டுத்தொகை ஏவுபவனுக்கு, இரண்டில் பெரிய எண் மட்டும் முறிப்பவனுக்கு. ஏவுபவனுக்குச் சராசரி 7 பகடை, எனக்கு நாலரைக்குச் சற்றுக் குறைவு. முறிக்க முயன்று தோற்ற மந்திரவாதி அந்தச் சுற்றில் மறுபடி முயலவும் முடியாது. இந்த விதியை எழுதியவர்கள் எல்லாவற்றையும் தடுக்கலாம் என்ற எண்ணத்தையே தடுப்பவனிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எதைத் தடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் எதைத் தடுக்காமல் விடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஏவும்போது இரண்டு ஆறு விழுந்தால் அதை எதுவும் முறிக்காது, ஓலைகூட. ஒரு மந்திரத்துக்கு அதிகபட்சம் ஆறு பகடை போடலாம். ஆறும் போட்டால் இரண்டு ஆறாவது விழ நூற்றுக்கு 26 வாய்ப்பு. ஏவியவனுக்கும் அப்போது அடி விழும். ஆனால் என் ஆட்கள் அதற்கு முன்பே போயிருப்பார்கள்.

புதன்

மாலையில் மாடியில் நின்றேன். மழை விட்டு நாகமலை கழுவியது போலத் தெரிந்தது. தேனிச் சாலையில் போகிற யாரும் அதைப் பாம்பு என்றுதான் சொல்வார்கள், அத்தனை நீளம், அத்தனை தாழ்வு.

இந்த ஊரே ஒரு மந்திரப் போரின் மிச்சம் என்பது சிறுவயதில் ஆத்தா சொன்ன கதைதான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் சமணர் செய்த வேள்வியிலிருந்து மதுரைமேல் மூன்று ஏவல் வருகிறது: யானை, நாகம், பசு. யானைக்கு இறைவனே வேடனாக வந்து நாரசிங்கக் கணை தொடுக்கிறார். நாகத்தை எய்தவன் அனந்தகுண பாண்டியன். ஆனால் செத்துக்கொண்டிருந்த பாம்பு நஞ்சைக் கக்கியது, ஊர் மயங்கி விழுந்தது. இறைவன் முடிமேல் இருந்த நிலவின் அமுதத்தைத் தெளித்த பிறகுதான் மக்கள் எழுந்தார்கள். ஏவலை வெட்டியதோடு வேலை முடியவில்லை. பசு வந்தபோது அம்பு விடவே இல்லை. நந்தியை அனுப்பினார்கள். அந்தக் காளையின் அழகைக் கண்டு பசு தன் வலிமை இழந்து விழுந்து மலையானது. பசுமலை நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பஸ்ஸில் அதைக் கடக்கும்போதெல்லாம் மூன்றில் இதுதான் உயர்ந்த தடுப்பு என்று தோன்றும்.

வரும் ஞாயிறு இந்தக் கதையையே ஆடலாமா என்று மருமகனைப் போனில் கேட்டேன். நான் பாண்டியன், அவன் பாம்பை ஏவுகிறவன்.

“அப்ப நான் யாரு மாமா, சமணரா?”

பதில் சொல்ல வரவில்லை. நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

வியாழன்

காலையில் சைக்கிளில் கீழக்குயில்குடி போனேன். அய்யனார் கோயில், தாமரைக் குளம், அதற்கு மேலே சமணர் மலை. எத்தனையோ முறை ஏறிய மலை. இன்று ஒரு கேள்வியோடு ஏறினேன்.

செட்டிப்புடவுக் குகையில் ஓர் இயக்கி சிங்கத்தின்மேல் அமர்ந்து, யானைமேல் வருகிற வீரனை எதிர்க்கிறாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். போர் வேண்டுமென்றால் இந்த மலையிலும் இருக்கிறது. ஆனால் நான் தேடி வந்தது பேச்சிப்பள்ளத்தில். சுனைக்கு மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து, ஏறத்தாழ ஆயிரத்து நூறு வருஷம் பழசு. யார் செய்வித்த திருமேனி என்ற பெயர்கள் அதில் இருக்கின்றன. அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் இந்த மலையில் உண்டு.

அந்த வரிசையில் பார்சுவநாதர். தலைக்கு மேல் நாகம் படம் விரித்திருக்கிறது.

அந்தக் கதை எனக்குத் தெரியும், ஆனாலும் இன்றுதான் நாகமலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு அதை யோசித்தேன். பழம்பகை கொண்ட கமடன் புயலையும் மழையையும் பாறைகளையும் ஏவுகிறான். தவத்தில் நிற்கிறவர் அசையவில்லை. நாகர் தலைவன் தரணேந்திரன் வந்து அவர் தலைக்குமேல் படத்தை விரிக்கிறான். ஒரு மலையில் பாம்பு ஏவல். எதிர் மலையில் அதே பாம்பு காப்பு. புராணம் பாடியவர்கள் பாம்பை யார் கையில் கொடுத்தார்களோ, அவர்கள் பாறையில் செதுக்கி வைத்திருப்பது தலையை மூடுகிற பாம்பை. எறும்பை மிதிக்க அஞ்சியவர்களை ஊரழிக்கும் வேள்விக்காரராக என் மேசையில் நிறுத்த முடியாது. புராணத்தை நான் விட்டுவிடவில்லை, அது ஆத்தா சொன்னது. ஆனால் அந்த வேஷத்தை என் அக்கா மகனுக்குப் போட மாட்டேன்.

இறங்கும்போது இன்னொன்று உறைத்தது. அந்தப் படம் மூடுவது ஒரே ஒரு தலையை. மலையையோ சுற்றி நிற்பவர்களையோ மூடவில்லை. அதன் கீழே நிற்பவர் நகரவும் இல்லை.

வெள்ளி

பட்டியலை முடித்தேன். 2000 புள்ளி. தாயத்தும் கருங்கல் மணியும் இல்லை. நான்காம் படி மந்திரவாதி ஒருவர். விலை அதிகம், ஆனால் ஒவ்வொரு முறிப்பிலும் 4 சேரும். ஓலை ஒன்று, பூமி பிளக்கும் மந்திரத்துக்கு மட்டும். நாற்பது பேரை இருபது இருபதாக உடைத்தேன், இதற்குச் செலவு சொற்பம். தளபதியை இரண்டு அணியிலும் சேர்க்காமல் இடையில் பத்து வாள்வீரர்களோடு நிறுத்துகிறேன். பன்னிரண்டு அங்குலத்துக்குள் அவர் இருந்தால், கலங்கும் அணி அவருடைய தலைமை எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

மருமகனுக்குச் செய்தி அனுப்பினேன்: நீ உன் காட்டுப் படையையே கொண்டு வா மாப்ளே.

ஞாயிறு

இரண்டாம் சுற்றில் அதே கானக மந்திரம். வலப்பக்கத்து இருபதில் நான்கு பேர். முறிக்கவில்லை. மருமகன் என் முகத்தைப் பார்த்தான். “விடுறீங்களா மாமா?” விட்டேன். களிமண் ஆட்களை ஒவ்வொருவராக எடுத்து ஓரத்தில் படுக்க வைத்தபோது, நானே வண்ணம் தீட்டிய முகங்கள் என்பதால், கை கூசியது.

மூன்றாம் சுற்றில் காற்று அவன் பக்கம். ஆறும் நாலும். அவனுக்குப் பத்துப் பகடை, எனக்கு ஆறு. அவன் ஆறு பகடையை எடுத்து இடப்பக்கத்து இருபதைக் காட்டினான். நான் ஓலையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

இரண்டு ஆறு விழுந்தது.

ஓலை செல்லாது. இருபது பகடை உருட்டினேன். ஒன்பது பேர் மண்ணுக்குள் போனார்கள். அவன் மந்திரவாதியைச் சுற்றி வெடித்ததில் அவனுடைய காவலரும் சிலர் விழுந்தார்கள். அவன் அதைக் கவனிக்கவில்லை, என் அணி ஓடுமா என்றுதான் பார்த்தான். கால்வாசிக்கு மேல் இழந்த அணி கலங்கும். ஈட்டிக்காரர்களின் தலைமை எண் 7, தளபதியுடையது 9. அளவுகோலை வைத்தோம். பதினோரு அங்குலம்.

இரண்டு பகடை உருட்டினேன். ஐந்தும் மூன்றும்.

பதினோரு பேர் நின்றார்கள். ஓலையை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்தேன். இன்னும் மூன்று சுற்று இருந்தது. என் முறை வந்ததும் அவர்களை அவன் மந்திரவாதி நின்ற பக்கமாகத் திருப்பி வைத்தேன்.