புரட்டிவிடும் கைகள்

நோய் மனிதனைப் படுக்கையில் வீழ்த்துகின்றது; பின்னர் அப்படுக்கையே இன்னொரு நோயைத் தருகின்றது. பாரிசவாதத்தால் வலப்புறம் செயலிழந்து, யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் மகளின் பராமரிப்பிலிருந்த மூதாட்டி ஒருவருக்கும் அவ்வாறே நேர்ந்தது. மகள் வேளை தவறாது உணவூட்டினாள், உடல் துடைத்தாள், மருந்து கொடுத்தாள். ஆயினும் மூன்றாம் வாரத்தில் தாயின் நாரிக்குக் கீழே கருஞ்சிவப்பான தடமொன்றைக் கண்டாள். "வயதுபோனால் வாறதுதானே" என்றனர் சிலர். "பிள்ளை சரியாய்ப் பார்க்கேல்லைப் போல" என்றனர் வேறு சிலர். இரண்டாவது சொல்லே அவளை வாட்டியது.

இவ்விரு கூற்றுகளும் பொருந்தா. எலும்பு புடைத்த நாரி, இடுப்பு, குதிக்கால் ஆகிய இடங்களை உடலின் பாரம் ஓயாது அழுத்தும்போது நுண்ணிய குருதிக்குழாய்கள் நசுங்குகின்றன. குருதி பெறாத தசை மடிகின்றது. நலமுள்ளவர் உறக்கத்திலும் தம்மையறியாது புரண்டு இதனைத் தவிர்க்கின்றார். புரள இயலாதவருக்குப் பிறர் கைகளே துணை.

இவ்வுண்மையைச் செயலிற் காட்டியவர்களுள் ஒருவர் லுட்விக் குட்மன். இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில், முள்ளந்தண்டு காயமுற்றோருக்கான பிரிவை 1944இல் அவர் பொறுப்பேற்றார். அதுவரை அத்தகையோரிற் பலர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் மாண்டனர். இரவும் பகலும் இரண்டு மணிக்கொருமுறை நோயாளரைப் புரட்டவேண்டுமென அவர் விதித்தார். அதனை நிறைவேற்றியது ஒருவரல்லர். முறைவைத்து உழைத்த பணியாளர் குழு.

மூதாட்டியைப் பார்க்க வந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் அத்தடத்தை விரலால் அழுத்தினார். நிறம் வெளிறவில்லை, புண்ணின் தொடக்கம் அதுவே. அவ்விடத்தைத் தேய்க்கலாகாது என்றார். தலையணை வைத்துப் பக்கவாட்டிற் சாய்த்தார். கெண்டைக்காலின் கீழ் இன்னொன்றை வைத்துக் குதிக்கால் படுக்கையிற் படாதவாறு உயர்த்தினார். ஈரத்துணியை உடனே மாற்றவும், முட்டை, மீன், பருப்பு முதலியவற்றைக் கூட்டிக் கொடுக்கவும் பணித்தார். தோல் உடைந்தால் சுத்தமான உப்புநீராற் கழுவி மூடவேண்டும், ஸ்பிரிற்று ஊற்றலாகாது. தசை கறுத்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ கண்டாலோ வைத்தியசாலையை நாடவேண்டும். இறுதியாக, "இது ஒராளாலை ஏலாத வேலை" என்றார்.

அன்றே சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. முன்னிரவு மருமகனுக்கு, நள்ளிரவு மகளுக்கு, விடியற்காலை பேரனுக்கு என முறை வகுக்கப்பட்டது. சில வாரங்களில் தடம் மறைந்தது. மகளிடம் முன்னரும் அன்பு குறைந்திருக்கவில்லை. அவளுடன் சேர்ந்து புரட்டக் கைகளே குறைந்திருந்தன.