கூசெல் நகர் தந்த குரல்

ஜெர்மனியின் தென்மேற்கே, பிரெஞ்சு எல்லைக்கு அதிகத் தொலைவில்லாத பலட்டினேட் பகுதியில், குன்றுகளுக்கு நடுவே கூசெல் என்றோர் சிறுநகர் உள்ளது. கைசர்ஸ்லவுட்டர்ன் நகரினின்று புறப்படும் ரயில், லாண்ட்ஸ்டூல் சந்திப்பில் பெரிய பாதையை விட்டுப் பிரிந்து, 1868-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கிளைப்பாதையில் வளைந்து சென்று, இவ்வூரில் தன் ஓட்டத்தை முடித்துக்கொள்கிறது. ஊரின் மக்கள் தொகை ஏறத்தாழ 5,000. 1794-இல் பிரெஞ்சுப் புரட்சிப் படையினரால் தீக்கிரையாக்கப்பட்டு, மீண்டும் எழுந்த ஊர் இது. அருகிலுள்ள குன்றின் மேல் 400 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் லிக்டன்பர்க் கோட்டை பரந்து கிடக்கிறது.

கோட்டையைக் காணச் செல்வோர் அங்குள்ள இசைவாணர் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வருவது நன்று. இப்பகுதி மண் வளம் குன்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வறுமை தாங்காத ஆடவர்கள் ஊதுகருவிகளையும் வயலின்களையும் சுமந்துகொண்டு வீட்டை விட்டுப் புறப்பட்டனர். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா எனக் கடல் கடந்து சென்று, தெருக்களிலும் சர்க்கஸ் கூடாரங்களிலும் வாசித்து, ஈட்டிய பொருளைக் குடும்பத்திற்கு அனுப்பினர். முதல் உலகப் போர் அவ்வழக்கத்தை முடித்து வைத்தது. இசை என்பது இவ்வூராரின் அடுப்பை எரியச் செய்த தொழில்.

அத்தொழில் இன்னொரு வீட்டிலும் அடுப்பெரித்தது. 1930 செப்டம்பர் 26 அன்று கூசெல் நகரில் பிறந்தார் பிரிட்ஸ் வுண்டர்லிக். தந்தை பவுல் செல்லோ வாசிப்பவர், பாடற்குழுக்களை நடத்தியவர். தாய் அன்னா வயலின் கலைஞர். மகன் ஐந்து வயதுச் சிறுவனாயிருக்கையில் தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அத்துயரை அளந்து பார்க்க நாம் யார்? விதவையான அன்னை இசை கற்பித்தே பிள்ளைகளை வளர்த்தார். உலகம் பின்னாளில் அப்பாடகரைப் புகழ்ந்தபோது இத்தாயை நினைத்தவர்கள் மிகச் சிலரே என்பது எமது எண்ணம்.

சிறுவன் அக்கார்டியன் கற்றான். ஹார்ன் எனும் வளைந்த ஊதுகருவியையும் கற்றான். போருக்குப் பிந்திய வறுமைக் காலத்தில் நடன நிகழ்ச்சிகளில் வாசித்தும் பாடியும் பொருளீட்டினான். 1950-இல் பிரைபுர்க் இசைக் கல்லூரியில் சேர்ந்த பின்னரும் இரவு வேளை நடனக் குழுவே அவருக்குச் சோறிட்டது. அவர் பாட்டைக் கேட்போர், மூச்சு எங்கே எடுக்கப்படுகிறதென்று கண்டுகொள்வது அரிது. ஹார்ன் ஊதிப் பழகிய நெஞ்சின் பயன் அது என்றே தோன்றுகிறது.

1955-இல் ஸ்டுட்கார்ட் இசைநாடக அரங்கில் சிறு வேடங்களுடன் தொடங்கினார். மூத்த பாடகர் யோசப் டிராக்சல் பாட இயலாத ஒரு நாளில், மோட்சார்ட்டின் 'மாயக் குழல்' நாடகத்தில் இளவரசன் தமினோவாக மேடையேறினார். ஆண் குரல்களில் உயர்ந்ததான டெனர் வகைக்கு உரிய வேடம் அது. அன்றிலிருந்து அவ்வேடம் அவருடையதாயிற்று. யாழிசைக் கலைஞர் ஏவாவை மணந்து மூன்று குழந்தைகளுக்குத் தந்தையானார். மியூனிக், வியன்னா, சால்ஸ்பர்க் என அழைப்புகள் குவிந்தன.

1966 செப்டம்பர் 4 அன்று எடின்பரோவில் பாடினார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் அவர் முதன்முதலாகப் பாடச் சில வாரங்களே இருந்தன. இடையில் நண்பரின் வேட்டை இல்லம் ஒன்றில் ஓய்வு கொள்ளச் சென்றவர், மாடிப்படியில் தவறி விழுந்து, செப்டம்பர் 17 அன்று ஹைடல்பர்க் மருத்துவமனையில் உயிர் நீத்தார். முப்பத்தாறு வயது நிறைய இன்னும் ஒன்பது நாட்கள் இருந்தன.

உடல் மியூனிக் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. கூசெல் நகருக்குக் கிடைத்தவை அவர் நினைவுகளே. நகர அருங்காட்சியகத்தில் அவருக்கென ஓர் அறை உள்ளது. விழா மண்டபம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. ஒரு காலத்தில் இவ்வூரைத் தாண்டியும் ரயில் ஓடிற்று. அந்தத் தண்டவாளங்கள் அகற்றப்பட்ட பாதையில் இன்று மிதிவண்டிகள் செல்கின்றன. அதற்கும் வுண்டர்லிக் பெயரே.

அவ்வறையைக் காண்போர் தேடிக் கேட்கவேண்டிய இசைத்தட்டு ஒன்றுண்டு. விவிலியத்தின் தொடக்க நூலை அடியொற்றி ஹைடன் இயற்றிய 'படைப்பு' அது. காராயன் நடத்திய அப்பதிவில் வானதூதர் ஊரியேலின் பகுதி வுண்டர்லிக்கினுடையது. தனிப்பாடல்களைப் பாடி முடித்திருந்தார். அவற்றிற்கிடையே வரும் உரைநடைப் பாங்கான பகுதிகள் எஞ்சியிருந்தன. அவர் இறந்தபின் பாடல்களை மாற்ற எவரும் துணியவில்லை. எஞ்சிய பகுதிகளை வெர்னர் கிரென் என்னும் பாடகர் பாடி நிறைவு செய்தார். ஆகவே அந்த இசைத்தட்டில் ஒரே வானதூதர் இரண்டு குரல்களில் பேசுகிறார்.