பச்சை விரிப்புக்கும் பராமரிப்பு உண்டு

செயற்கைப் புல்லைப் போட்டுவிட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம், பிறகு வேலையே இல்லை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவது சரியில்லை. மூன்று வருடமாக அதைப் பெருக்கியும் ஒட்டியும் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். முற்றத்திலோ மொட்டை மாடியிலோ இதை விரித்திருக்கும் என் வயதுக்காரர்களுக்குப் பயன்படலாம்.

ஜமுனாமரத்தூரில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. மகளுக்கு இங்கே ஆசிரியை வேலை. அவளுக்குத் துணையாகப் புதுச்சேரியிலிருந்து மலையேறி வந்தோம். சுற்றுலா வருகிறவர்களுக்கு விடலாம் என்ற எண்ணத்தில் வீட்டுக்காரர் சிமெண்டு முற்றம் முழுவதும் பச்சை விரிப்பை ஒட்டி வைத்திருந்தார். ஜவ்வாது மலையில் வாசலைத் தாண்டினால் ஏற்றம் அல்லது இறக்கம். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் மனைவிக்குச் சமதளம் என்று வாய்த்தது இந்த முற்றம் ஒன்றுதான். தினமும் மாலையில் கைத்தடியோடு நாற்பது சுற்று நடப்பாள்.

போன ஐப்பசி மழைக்குப் பிறகு, இரண்டு விரிப்புகள் சேரும் இடத்தில் பசை விட்டுப் போய் ஓரம் தூக்கிக்கொண்டது. விரல் கனம்தான் இருக்கும். கைத்தடியின் நுனி அதில் மாட்ட, மகள் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள். நம் வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரிசெய்யும் விதம் இதுதான். இரண்டு நாளாவது மழையில்லாத சமயம் பாருங்கள். அடியில் ஈரம் இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. இரு ஓரங்களையும் மடித்துவிட்டு, பழைய பசையைத் தகட்டுக் கத்தியால் சுரண்டி, துடைத்துக் காயவிட வேண்டும். இணைப்புக்கென்றே விற்கும் பட்டையை இரு பக்கமும் சரிபாதி வரும்படி அடியில் போட்டு, அதற்குரிய பசையைத் தடவி, ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தொட்டாற்போல் சேர்க்க வேண்டும். புல் இழைகள் பசையில் சிக்கக் கூடாது. மேலே பலகை வைத்துச் செங்கல்லை அடுக்கி ஒரு நாள் விடுங்கள். தீபாவளி மத்தாப்புப் பொறி விழுந்து உருகிய இடத்துக்கும் இதே வைத்தியம். பூந்தொட்டிக்கு அடியில் மறைந்திருக்கும் மூலையில் அதே அளவு துண்டு வெட்டி ஒட்டலாம். இழை சாயும் திசை மட்டும் ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டு தனியாகத் தெரியும்.

வழக்கமான வேலைகளும் உண்டு. சருகை அன்றன்றே பெருக்கிவிட வேண்டும். மக்கினால் அதிலேயே நிஜப் புல் முளைக்கும், பாசி பிடித்து வழுக்கும். படுத்துவிட்ட இழைகளை, அவை சாய்ந்திருக்கும் திசைக்கு எதிராக விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்தால் நிமிரும். நாய் பூனை அசுத்தம் செய்தால் உடனே தண்ணீர் விட்டு அலச வேண்டும். நடுப்பகலில் பேரக் குழந்தைகளை வெறுங்காலோடு விடாதீர்கள். நிஜப் புல்லைவிட இது மிக அதிகமாகச் சுடும்.

இந்தப் புல் புகழ்பெற்றது ஒரு கூரையால். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-ல் கூரை மூடிய பேஸ்பால் அரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். ஒளி ஊடுருவும் கூரைத் தகடுகளின் கூச்சத்தில் பந்து தெரியவில்லை என்று அவற்றுக்குச் சாயம் பூசினார்கள். வெயில் இல்லாமல் புல் செத்தது. 1966-ல் பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். நம் தலைமுறைக்கு அது ஹாக்கியில் கொடுத்த அடி மறக்காது. 1975-ல் கோலாலம்பூரில் நிஜப் புல்லில் உலகக் கோப்பையை வென்ற நம்மவர்கள், அடுத்த ஆண்டே மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரையில் ஏழாவது இடத்துக்குப் போனார்கள். அத்தகைய ஹாக்கி மைதானங்களுக்கும் ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் பராமரிப்புக்கு 'ஆந்த்ரெத்தியேன்' என்பார்கள். இருவர் உட்கார்ந்து பேசும் உரையாடலுக்கும் அதே சொல்தான். நான் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு மலையாளி அம்மா, "எங்க வாசலுக்குச் சாணி போட்டு மெழுகுறோம், உங்க வாசலுக்குக் கோந்து போட்டு மெழுகுறீங்களா அய்யா?" என்று கேட்டுவிட்டுச் செங்கல் எடுத்துக் கொடுத்தார். மெழுகிய வாசல் தேய்ந்தால் மண்ணோடு சேரும். இந்த இழைகள் அப்படிச் சேராது. நம் முற்றத்துத் தண்ணீர் ஓடையில்தான் இறங்குகிறது. செய்யாறு பிறப்பதும் இந்த மலையில்தான். அதனால் தண்ணீர் வெளியேறும் துவாரத்தில் மெல்லிய வலை கட்டியிருக்கிறேன். வாரம் ஒருமுறை அதில் பச்சைத் துணுக்குகள் சேர்கின்றன. எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன்.

விரிப்பு முழுவதும் தேய்ந்து போனால் புதிது போட வேண்டாம், வழுக்காத சொரசொரப்புச் சிமெண்டுத் தளமும் ஓரத்தில் கொஞ்சம் அருகம்புல்லும் போதும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் யோசிப்பதாகச் சொன்னார். அதுவரை, மனைவி நடக்கப் போகும் முன் அந்த இணைப்பை ஒரு தடவை காலால் தடவிப் பார்த்துவிடுகிறேன்.