உறை போர்த்திய வண்டி



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து, வாசலில் நின்று எல்லாருக்கும் கைகொடுத்து அனுப்பிய பின்பு, வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த தம்பிமார் இருவர் மரத்தடியில் ஒரே கைப்பேசியின்மேல் குனிந்து நிற்பதைக் கண்டேன். ஜெபக்குறிப்பு எழுதுகிறார்களோ என்ற நல்லெண்ணத்தில் அருகே சென்றேன். அது ஒரு காரின் படம். பனி மூடிய சாலையில், உடல் முழுவதும் கறுப்பு வெள்ளைச் சுருள்கோடுகள் ஒட்டிய ஒரு பெரிய வண்டி. விளக்கு எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்களுக்கோ எல்லாம் விளங்கியது. "பின்னால் புகைக்குழாய் தெரியவில்லை, ஐயா. ஆகவே இது மின்சார வண்டிதான்" என்றான் ஒருவன். "குழாயை மறைத்திருக்கிறார்கள். பானெட்டின் நீளத்தைப் பாருங்கள், உள்ளே பன்னிரண்டு சிலிண்டர் இருக்கிறது" என்றான் மற்றவன்.

இருவரும் ஒரே பைக்கில் வந்த பிள்ளைகள். அந்த வண்டி நாளை கடைக்கு வந்தாலும் வாங்கப்போவதில்லை. வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை. இந்த இடத்தில் கண்களின் இச்சையைப் பற்றிப் போதகர் நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்பது நம்மிடையே உள்ள வழக்கம். எனக்கு அது தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், சிறிது பொறாமைதான் தோன்றியது. ஒரே படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒரு நிழலையும் விடாமல் இருபது நிமிடம் ஆராய்ந்தார்கள். அரைமணி நேரத்துக்கு முன்பு நான் வாசித்த வேதபகுதியை அவர்கள் அப்படி ஆராய்ந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகவே அன்றிரவு தொடங்கி சில இரவுகள் நானும் இதைப்பற்றி வாசித்தேன். (என் மனைவியார் இரண்டாம் இரவில், கார் வாங்கும் எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.) வாசித்ததில் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு புதிய வண்டி விற்பனைக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே அதைத் திறந்த சாலைகளில் ஓட்டிச் சோதிக்கவேண்டும். குளிருக்கு ஸ்வீடன் தேசத்தின் வடபகுதியில் உள்ள ஆர்ஜெப்லாக் என்னும் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். உறைந்த ஏரிகளே அங்கே ஓட்டுதளம். வெப்பத்துக்கு அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கு. அங்கெல்லாம் புகைப்படக்காரர்கள் காத்திருப்பார்கள் என்பது நிறுவனங்களுக்குத் தெரியும். அதனால் வண்டிக்கு உறை போர்த்துகிறார்கள். அந்தச் சுருள்கோடுகள் அழகுக்காக அல்ல. வளைவையும் மடிப்பையும் கண்ணும் கேமராவும் பிரித்தறியாதபடி வரையப்பட்டவை. உறைக்கு அடியில் பொய்யான திண்டுகளை வைத்து உருவத்தையே மாற்றிவிடுவதும் உண்டு, பொய் விளக்குகளை ஒட்டிவைப்பதும் உண்டு. சில வேளைகளில் புதிய எஞ்சினைப் பழைய வண்டியின் உடலுக்குள் வைத்து ஓட்டுவார்கள். அதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'கோவேறு கழுதை'. அப்சலோமின் முடிவை அறிந்தவர்கள் அதில் ஏறத் தயங்குவார்கள்.

ஜெர்மானியர் இப்படி உறை போர்த்திய வண்டியை 'எர்ல்கோனிக்' என்று அழைக்கிறார்கள். அது கோதே எழுதிய ஒரு கதைப்பாடலின் பெயர். இரவில் தன் பிள்ளையை அணைத்துக்கொண்டு குதிரையில் விரைகிறான் ஒரு தகப்பன். பிள்ளை இருளில் ஓர் அரசனைக் காண்கிறது. தகப்பனோ அது வெறும் மூடுபனி என்கிறான். 1952ஆம் ஆண்டு 'ஆட்டோ மோட்டார் உண்ட் ஸ்போர்ட்' என்னும் பத்திரிகை, சோதனையில் இருந்த ஒரு மெர்சிடிஸ் வண்டியின் படத்தை, அந்தப் பாடலின் சாயலில் எழுதிய வேடிக்கை வரிகளோடு வெளியிட்டது. அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரே காட்சியில் ஒருவன் அரசனையும் மற்றவன் பனியையும் காண்பது என்றால், பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஊகங்களின் போக்கு எனக்கு முழுமையாக விளங்கியது ரோல்ஸ் ராய்ஸ் 'ஸ்பெக்டர்' வண்டியின் கதையை வாசித்தபோதுதான். ரோல்ஸ் ராய்ஸ் என்றால் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் என்பது அபிமானிகளின் மனதில் பதிந்த ஒன்று. 2003ஆம் ஆண்டின் ஃபேன்டம் முதல் அந்த 6.75 லிட்டர் எஞ்சினே அதன் பெருமை. அந்த நிறுவனம் முழுமையான மின்சார வண்டி ஒன்றைச் செய்யப்போகிறது என்ற பேச்சு எழுந்தவுடன் ஊகங்களும் எழுந்தன. அதற்கு 'சைலண்ட் ஷேடோ' என்றே பெயர் வரும் என்று பலர் எழுதினார்கள். 2021 செப்டம்பர் 29 அன்று நிறுவனம் அறிவித்த பெயர் ஸ்பெக்டர். அதன்பின் ஓர் ஆண்டுக்கு மேலாக, உறை போர்த்திய வண்டியின் படங்களை வைத்து ஆராய்ச்சி தொடர்ந்தது. மின்சார வண்டிக்கு முன்பக்கக் காற்றுவழி அவ்வளவாகத் தேவையில்லை. ஆகவே அந்த நிறுவனத்தின் அடையாளமான, கோயில் தூண்களைப் போன்ற கிரில் சுருங்கிவிடும் என்று நினைப்பது நியாயமான ஊகம்தான். 2022 அக்டோபர் 18 அன்று திரை விலகியது. அதுவரை எந்த ரோல்ஸ் ராய்ஸ் வண்டிக்கும் இல்லாத அளவுக்கு அகன்ற கிரில், உள்ளே 22 சிறு விளக்குகளோடு நின்றது.

இங்கே ஒன்றைக் கவனித்தேன். தவறாக ஊகித்ததற்காக யாரும் வெட்கப்படவில்லை. வண்டியின்மேல்தான் கோபப்பட்டார்கள். மாதக்கணக்காகத் தாங்கள் மனதில் வரைந்திருந்த வண்டி ஒன்று; வந்து நின்ற வண்டி வேறொன்று. வந்ததை அவர்கள் பார்க்கவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். தாங்கள் வரைந்த படத்தில் எது குறைகிறது என்பதையே பார்த்தார்கள்.

இதே நிறுவனம் முன்பு பல பத்தாண்டுகளாகத் தன் எஞ்சின்களின் குதிரைத்திறனை வெளியிடாமல் இருந்தது என்பதையும் நம் தம்பிமார்தான் எனக்குச் சொன்னார்கள். எவ்வளவு திறன் என்று கேட்டால் 'போதுமானது' என்பதே அன்றைய பதில். எண்ணை அறிய ஏங்கியவர்களுக்கு இது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! நான் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தன் மாம்சத்தில் இருந்த முள்ளைக் குறித்துப் பவுல் மூன்று தரம் கேட்டு, கடைசியில் பெற்றுக்கொண்ட பதிலிலும் இந்த ஒரு சொல்தானே நடுநாயகமாக நிற்கிறது?

ஊகிப்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த நிறுவனத்தின் ஸ்தாபகர்களில் ஒருவரான சார்லஸ் ரோல்ஸ், 1900ஆம் ஆண்டு, தமது 22ஆம் வயதில், மின்சார வண்டியைக் குறித்துக் கருத்துச் சொன்னார். அது ஓசையற்றது, சுத்தமானது, வாடையும் அதிர்வும் இல்லாதது. ஆனால் ஆங்காங்கே மின்னேற்றும் நிலையங்கள் அமையும்வரை அதனால் பெரிய பயன் இராது, அதற்கு இன்னும் பல ஆண்டுகள் செல்லும் என்பது அவர் கருத்தின் சாரம். சொன்னதோடு நிற்காமல், கையில் இருந்த வேலையைச் செய்தார். 1904ஆம் ஆண்டு மே 4 அன்று மான்செஸ்டர் நகரில் ஹென்றி ராய்ஸைச் சந்தித்தார். இருவரும் பெட்ரோல் வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். 1910இல் விமான விபத்து ஒன்றில், 32 வயதில் மரித்துப்போனார். அவர் சொன்ன வண்டி அவருடைய பெயரைத் தாங்கி வெளிவந்தபோது 122 ஆண்டுகள் ஆகியிருந்தன. எபிரெயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில், வாக்குத்தத்தத்தைத் தூரத்திலே கண்டு வணங்கியவர்களின் வரிசையை வாசிக்கும்போது, இப்போதெல்லாம் அந்த இளைஞரும் என் நினைவுக்கு வருகிறார். அவரும் எட்டிப் பார்த்தார். ஆனால் தேதி குறிக்கவில்லை.

தேதி குறித்தவர்களின் சரித்திரமும் நமக்கு உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையைப் பின்பற்றிய ஆயிரக்கணக்கானோர், 1844ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று காத்திருந்தார்கள். அறுவடை எதற்கு என்று விளைந்த பயிரை நிலத்திலேயே விட்டவர்களும் உண்டு. மறுநாள் வழக்கம்போல விடிந்தது. இறையியல் கல்லூரியில் அந்தப் பாடத்தைப் படித்தபோது நாங்கள் மாணவர்கள் எல்லாரும் மெல்லச் சிரித்துக்கொண்டோம்.

நான் சிரித்திருக்கக் கூடாது. இதுவரை எந்தப் பிரசங்க பீடத்திலும் நான் சொல்லாததை இந்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.

1999ஆம் ஆண்டு நான் வேறோர் ஊரில் உதவிப் போதகராக இருந்தேன். கணினிகள் எல்லாம் நின்றுபோகும் என்று உலகமே பேசிக்கொண்டிருந்த வருஷம். நான்கு வெள்ளிக்கிழமைகள் மாலையில் ஒரு பெரிய துணியில் வரைபடம் தொங்கவிட்டு, தானியேலின் மிருகங்களையும் கொம்புகளையும் ஐரோப்பிய நாடுகளையும் கோடு போட்டு இணைத்தேன். புகைக்குழாய் தெரியவில்லை என்பதை வைத்து எஞ்சினைச் சொன்னானே அந்தத் தம்பி, அவனைவிட என்னிடம் ஆதாரம் அதிகமாக இருக்கவில்லை. தேதி குறித்தேன் என்று யாரும் என்னைக் குற்றஞ்சாட்ட முடியாது. அவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினேன். ஆனால் காலம் மிகவும் குறுகியது என்று சொல்லிவிட்டு, வரைபடத்தின் ஓரத்தைக் கோலால் தட்டினேன். ஜனங்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். கூட்டம் வாராவாரம் பெருகியது. அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நான்காம் வெள்ளி முடிந்தபோது, பின்வரிசையில் அமர்கிற ஒரு தகப்பனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். தம்முடைய மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்ததாகவும், ஆண்டவர் வாசலருகே வந்துவிட்டபோது மூன்று வருஷப் படிப்பும் பணமும் எதற்கு என்று அதை விட்டுவிட்டதாகவும் சந்தோஷத்தோடு சொன்னார். அந்த நேரத்தில் நான் பேசியிருக்க வேண்டும். "ஐயா, தயவுசெய்து நாளைக்கே போய்ப் பணத்தைக் கட்டுங்கள்" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? நான் அவருடைய விசுவாசத்தைப் பாராட்டி, ஜெபித்து அனுப்பினேன்.

எம்மாவுக்குப் போகும் வழியில் நடந்த அந்த இருவரை எண்ணிப் பாருங்கள். உயிர்த்தெழுந்தவர் பக்கத்திலேயே நடந்து வருகிறார். அவர்களோ தங்கள் நம்பிக்கை பொய்த்துவிட்டதாக அவரிடமே முறையிடுகிறார்கள். அவர்கள் கண்களை மறைத்தது எது என்று வியாக்கியானிகள் பலவாறு சொல்வார்கள். எருசலேமின் சிங்காசனத்தில் உட்காரும் ஒரு மேசியாவை அவர்கள் ஏற்கெனவே வரைந்து முடித்திருந்தார்கள் என்பது அதில் ஒரு பங்கு என்றே நான் எண்ணுகிறேன். என்னுடைய துணி வரைபடமும் அப்படிப்பட்ட ஓர் உறைதான். அந்தப் பெண்ணின் முகத்தில் எனக்காகக் காத்திருந்த ஆண்டவரை நான் பார்க்கவில்லை, துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பெக்டர் வண்டியைப்பற்றி இன்னொரு தகவலும் உண்டு. உலகம் அதன் கிரில்லைக் குறித்து வாக்குவாதம் செய்துகொண்டிருந்த மாதங்களில், அதைச் செய்தவர்கள் அதை 25 இலட்சம் கிலோமீட்டர் ஓட்டிச் சோதிக்கத் திட்டமிட்டு, ஆர்க்டிக் வட்டத்துக்கு அருகே பனியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். உறைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர்கள் ஊகிக்கவில்லை, ஓட்டினார்கள். நமக்கோ உள்ளே இருப்பது முழுவதும் தெரியாது. ராஜ்யம் இப்போதுதானா என்று சீஷர்கள் கேட்டபோது, காலங்களை அறிவது அவர்களுக்கு அடுத்ததல்ல என்றுதான் ஆண்டவர் சொன்னார். ஆனாலும் அதே மூச்சில் அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுத்தார்.

அந்தத் தம்பிமாரை நான் கடிந்துகொள்ளவில்லை என்பதை அவர்களுடைய பெற்றோர் அறியவேண்டும். அடுத்த ஞாயிறும் புதிய படம் வந்திருந்தால் எனக்குக் காட்டவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு சிலிண்டர் என்பதே என் ஊகமும்.

அந்த மகளைப்பற்றிக் கேட்பீர்கள். திருமணமாகி, பல ஆண்டுகள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். இந்த ஆண்டு ஜூன் மாதத்தில், விசாரித்து விசாரித்து நம் ஊருக்கே என்னைத் தேடி வந்தாள். கூடவே அவளுடைய பெண்பிள்ளை. நர்சிங் கல்லூரி விண்ணப்பத்தோடு இணைக்க ஒரு போதகரின் நற்சாட்சிக் கடிதம் வேண்டுமாம். இப்போதிருக்கும் சபையில் ஆயர் மாற்றலாகிப் போய்விட்டாராம். ஒரு வேளை அது மெய்யான காரணமாகவே இருக்கலாம். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் காகிதத்தை என் பக்கமாகத் தள்ளி வைத்தாள். எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன். வாங்கி, ஒருமுறை முழுவதும் வாசித்துவிட்டு, திரும்ப என்னிடமே நீட்டினாள்.

"ஐயா, தேதி போட மறந்துவிட்டீர்கள்" என்றாள்.