கடற்காற்றும் கிற்றாரும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியராகிய யாம் திருக்குறளைப் பற்றியோ தேவாரத்தைப் பற்றியோ எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் எழுதப் புகுவதோ ஒரு கிற்றாரைப் பற்றி. அன்பர்கள் பொறுத்தருள்க. இதற்குக் காரணம் இரண்டு உள. அக்கிற்றார் நம் கல்லூரியில் எம்மோடு ஒருங்கு கற்ற நண்பர் நால்வரின் பணத்தால் வாங்கப்பெற்றது. பணம் தந்தோர்க்குக் கணக்குக் காட்டுதல் எம் கடன். அதனை வாங்கச் சென்ற வழியிலே யாம் முன்பு இழைத்த பிழை ஒன்றும் எம் கண்முன் வந்து நின்றது. அதனை எழுத்தில் ஒப்புக்கொள்ளுதலும் எம் கடன்.

யாம் கற்பிக்கும் பாடசாலை மன்னார்த் தீவின் கரையோரத்தில் உள்ளது. அகலம் குறைந்த அத்தீவில் எங்கு நின்றாலும் கடல் அண்மையிலேயே இருக்கும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்று ஓயாது வீசும். அக்காற்றை நம்பியே 2020 ஆம் ஆண்டில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட, 100 மெகாவாற்று ஆற்றலுடைய மின்நிலையம் நிறுவப்பெற்றது. மின் தரும் அக்காற்று உப்பையும் உடன் கொண்டுவரும். துவிச்சக்கர வண்டியின் சங்கிலி, கதவின் பிணைச்சல், மணிக்கூண்டின் மணி ஆகிய யாவும் அதற்குத் தப்புவதில்லை.

இத்தீவிலும் எதிர்க்கரையாகிய மாதோட்டத்திலும் கலையின் இல்லம் திறந்தவெளியே. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு பாங்கினவாகிய நாட்டுக்கூத்துகள் விண்மீன்களின் கீழேயே விடியவிடிய ஆடப்பெற்று வந்தன. எம் பாடசாலையின் பாடற்குழுவும் அவ்வழியையே பின்பற்றுவது. சைவ, கத்தோலிக்க, முஸ்லிம் பிள்ளைகள் ஒருங்கே நின்று பாரதி பாடல்களையும் மீனவர் பாடல்களையும் பாடுவர். ஆர்மோனியத்தை மணலிற் சுமந்து செல்வது கடினம். கத்தோலிக்கப் பிள்ளைகள் பலர் ஆலயப் பாடகர் குழுவிலே கிற்றார் பழகியவர்கள். ஆகவே கிற்றாரே எம் பக்கவாத்தியம் ஆயிற்று.

2019 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், மாலை நிகழ்ச்சி ஒன்றுக்காக வான் வண்டி ஒன்றில் நண்பகலிலேயே கடற்கரைக்குச் சென்றோம். பாடசாலையின் மரக்கிற்றார் கறுத்த உறையினுள் இருந்தது. மாலையில் உறையைத் திறந்தபோது, நரம்புகளைத் தாங்கும் குதிரை முகப்புப் பலகையினின்றும் முற்றாகக் கழன்று கிடந்தது. (வீணைக்கு வழங்கும் குதிரை, மெட்டு, பிரடை என்னும் சொற்களையே யாம் கிற்றாருக்கும் வழங்குகின்றோம், பிள்ளைகளும் அவ்வாறே பழகிவிட்டனர்.) அதனைக் காவிவந்தவன் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன், எம் குழுவில் அவனே சிறந்த வாசிப்பாளன். “எங்கே விழுத்தினாய்?” என்றோம். “நான் விழுத்தவில்லை, சேர்” என்றான். மற்றைப் பிள்ளைகளும் பெற்றோரும் பார்த்து நிற்க, பொய் கூறுதல் தகாது என்று நீண்டதோர் அறிவுரை நிகழ்த்தினோம். அன்று பாடல் பக்கவாத்தியம் இன்றியே நடந்தது. அம்மாணவன் மறுநாள் தொடக்கம் பாடற்குழுவுக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு பாடசாலையினின்றும் விலகித் தந்தையாரோடு தொழிலுக்குச் சென்றுவிட்டான்.

கழன்ற குதிரையை ஒட்டுவதற்கு இசைக்கருவி திருத்துவோர் எமக்கு அண்மையில் இல்லை. பிசினும் பசையும் அறிந்தவர் என்பதனால், பேசாலையில் வள்ளம் திருத்தும் முதியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டுசென்றோம். அவர் முகப்புப் பலகையை விரலால் தடவி, நாற்புறமும் புரட்டிப் பார்த்தார்.

“சேர், இது விழுந்த சாமான் இல்லை. விழுந்தால் ஒரு மூலையாவது நசிந்திருக்கும். இது பசை இளகிக் கழன்றது. எங்கே வைத்திருந்தீர்கள்?”

எமக்கு நா எழவில்லை. பூட்டிய வண்டியினுள், ஆடி மாத வெயிலில், மூன்று மணிநேரம் வைத்திருந்தவர் யாமே. கிற்றாரின் ஆறு உருக்கு நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் பாரத்துக்கு ஈடாகக் குதிரையை இழுத்து நிற்பன. மரவேலைப் பசைகளுட் பல 65 பாகை செல்சியசை அண்மியதும் இளகத் தொடங்கும். பூட்டிய வண்டியில், கறுத்த உறைக்குள், அவ்வெப்பம் எட்டாத ஒன்றன்று. பசை இளகியது, நரம்பு இழுத்தது, குதிரை பெயர்ந்தது. பிள்ளைக்கு அதில் யாதொரு பங்கும் இல்லை. இதனை அறிந்த பின்னும் யாம் அவன் இல்லத்துக்குச் சென்று கூறவில்லை. இன்று செல்வோம், நாளை செல்வோம் என்று நாள் போக்கினோம். ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டு கழித்தும் எம்மை விட்டு அகலாத செருக்கே அதன் காரணம்.

அம்முதியவர் மேலும் ஒன்று கூறினார். “மரம் தண்ணி குடிக்கும், சேர், குடித்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். அதற்காகத்தானே நாங்கள் பைபருக்கு மாறினோம்.” அவர் இளமையில் மரவள்ளம் கட்டியவர், இப்போது கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு பைபர்ப் படகுகளைத் திருத்துபவர். மரக்கிற்றாரின் நிலையும் அவர் கூறியதே. அதனைச் செய்வோர் காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 45 முதல் 55 வீதம் வரை இருத்தல் நன்று என்பர். எம் கடற்கரையிலோ அது பெரும்பாலும் 70 வீதத்துக்கு மேல். ஈரம் ஏறினால் முகப்பு உப்பி நரம்புகள் மெட்டுகளினின்றும் உயரும். சிறுவர் விரல் அழுத்த மாட்டாது நோகும்.

2023 ஆம் ஆண்டில் இலண்டனிலும் தொறன்ரோவிலும் வாழும் எம் வகுப்புத் தோழர் நால்வர், பாடற்குழுவுக்குக் கிற்றார் வாங்குக எனப் பணம் அனுப்பினர். நல்ல மரக்கிற்றார் நான்கு வாங்கலாம் என்பது அவர் கருத்து. பேசாலை முதியவரின் சொல் எம் நெஞ்சில் இருந்தமையால், பைபரிலே கிற்றார் உண்டா எனத் தேடத் தொடங்கினோம்.

உண்டு. 1966 ஆம் ஆண்டளவிலேயே, அமெரிக்காவில் ஹெலிக்கொப்ரர் செய்துவந்த சார்ள்ஸ் காமன் என்பார் கண்ணாடி இழையாலான வட்ட முதுகுடைய ஓவேஷன் கிற்றாரை வெளியிட்டார். அவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய மவுயியில் வாழ்ந்த ஜோன் டெக்கர் என்பார், முழுவதும் காபன் இழையாலாய கிற்றார்களை 1990 களில் விற்பனைக்குக் கொணர்ந்தார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர் ரெயின்சோங். மழைப்பாட்டு என்பது பொருள். ஈரத்தீவு ஒன்றிலே அது பிறந்தமை வியப்பன்று. பொஸ்ரன் இசைக்குழுவிற் செலோ வாசித்த லூயிஸ் லெகியா என்பாரோ, தமது இரட்டையோட்டுப் பாய்ப்படகில் செல்லும்போது அதன் உடல் அலையோடு முழங்கக் கேட்டுக் காபன் இழைச் செலோவைச் செய்யத் துணிந்தாராம். அத்தகைய படகை ஆங்கிலேயர் கட்டமரான் என்பர். அச்சொல் நம் கட்டுமரமே. பேசாலை முதியவரும் பொஸ்ரன் கலைஞரும் படகிலிருந்தே இசைக்கருவிக்கு வந்தமை எமக்கு மகிழ்ச்சி தந்தது.

காபன் இழை ஒன்றின் தடிப்பு நம் தலைமயிரின் தடிப்பிற் பத்திலொன்று அளவினது. அவ்விழைகளால் நெய்த துணியை எப்பொக்சிப் பிசினில் தோய்த்து, அச்சில் அடுக்கி, இறுகச் செய்து கிற்றாரின் உடலை ஆக்குவர். அது நீர் குடியாது. வெப்பத்தால் விரிதலும் மிகச் சிறிதே. கழுத்து வளையாது. ஆயினும் வாங்குவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். துண்டு இழைகளைப் பிளாஸ்ரிக்கோடு கலந்து வார்த்த கருவிகளும் காபன் என்ற பெயரோடு விற்கப்படுகின்றன. அவையும் ஈரத்துக்கு அஞ்சாதவையே, விலையும் குறைவு, ஆனால் நெய்த துணி அடுக்கின் விறைப்பு அவற்றுக்கு இல்லை.

கொழும்பிற் கடையொன்றில், குளிரூட்டிய அறையிலே, மரக்கிற்றாரையும் காபன் கிற்றாரையும் மாறிமாறி வாசிக்கக் கேட்டோம். மரத்தின் நாதமே இனியது. அதனை மறைப்பது நேர்மையன்று. காபனின் நாதம் தெளிவும் சமனும் உடையது. ஆயினும் சற்றே வெறிதாய் எமக்குத் தோன்றிற்று. பின்னர் இரண்டையும் வெளியே வெயிலில் வைத்துக் கேட்கலாமோ என வினவினோம். கடைக்காரர் காபன் கருவியை உடனே எடுத்துத் தந்தார். மரக்கருவியைத் தரத் தயங்கினார். அத்தயக்கமே எமக்கு வேண்டிய விடையாயிற்று. கடையிலிருந்து தெருவரை செல்லத் தயங்கும் கருவி தலைமன்னாரின் மணலில் எவ்வாறு நிற்கும்?

தெருவில் இருபது அடி தள்ளி நின்று கேட்டபோது அறையிற் கேட்ட வேறுபாடு பெரிதும் மறைந்துவிட்டது. திறந்தவெளியில் ஒலியைத் திருப்பித்தரச் சுவர் இல்லை; தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு நாலில் ஒன்றாகும். ஒலிவாங்கி வைத்தாலோ சோளகம் அதனுட் புகுந்து இரையும். ஆதலால் குதிரையின் கீழே அதிர்வை நேரே வாங்கும் பொறி பொருத்திய கருவியையே தெரிந்தோம். அதன் விலை ஏறத்தாழ மரக்கிற்றார் மூன்றின் விலை. எஞ்சிய பணம் துருவேறாவண்ணம் மேற்பூச்சிட்ட நரம்புகளுக்கும் சிறியதோர் ஒலிபெருக்கிக்கும் செலவாயிற்று. நண்பர்கள் இதனையே கணக்காகக் கொள்க.

நான்கு பிள்ளைகள் கையிலிருக்க வேண்டிய கருவியை ஒன்றாக்கிவிட்டீரே என நண்பர் ஒருவர் வினவினார். வினா நியாயமானதே. வகுப்பறைப் பயிற்சிக்கு ஒட்டுப்பலகையாலான பழைய கிற்றார் இரண்டு எம்மிடம் உள. தனிப்பலகையினும் ஒட்டுப்பலகை ஈரத்தை நன்கு தாங்கும். நான்கு புதிய மரக்கருவிகள் வந்திருப்பின் யாம் அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருப்போம் என்பதே உண்மை. 2019 ஆம் ஆண்டின் பின் எஞ்சிய கருவிகளுக்கு யாம் செய்தது அதுவே. பிள்ளைகள் தொட அஞ்சும் கருவி எத்தனை இருந்தென்ன? புதிய கிற்றார் இப்போது கைக்குக் கை மாறுகின்றது. ஏழாந் தரத்துச் சிறுமியும் அதனை மணலில் வைத்து வாசிக்கின்றாள்.

குறையும் கூறுதல் வேண்டும். உடல் மாறாதாயினும் உருக்கு நரம்பு வெயிலில் நீண்டு சுருதி இறங்கும். ஆகவே பாட்டுக்குப் பாட்டு பிரடையைத் தொட்டுப் பார்த்தல் வேண்டும். கறுத்த உடல் விரைவிற் சூடேறும். பிசினுக்கும் ஓர் எல்லை உண்டாதலின் இதனையும் பூட்டிய வண்டியில் யாம் வைப்பதில்லை. உப்புக்கு மெட்டும் பிரடையும் இரையாகும். நிகழ்ச்சி முடிந்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்துகின்றோம்.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். வீணையைப் பலாமரத்தில் ஆக்கி அகத்தே வைத்தனர். நாதசுரத்தை ஆச்சாமரத்தில் ஆக்கி வீதிக்கு அனுப்பினர். சுவாமி விபுலாநந்தர் 1947 ஆம் ஆண்டில் அரங்கேற்றிய யாழ் நூலைக் கற்பிக்கும்போதெல்லாம், பத்தரைத் தோலாற் போர்த்த யாழைத் தோளிற் சுமந்து பாலை நிலத்தைக் கடந்த பாணரை எண்ணுவோம். நிற்கும் இடம் நோக்கிக் கருவியைத் தெரிதல் தமிழர்க்குப் புதிதன்று.

2024 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் புதிய கிற்றாரோடு முதல் முறை கடற்கரையிற் பாடினோம். நிகழ்ச்சிக்கு முன் அம்மாணவனின் இல்லத்துக்குச் சென்று அழைத்தோம். வந்தான், வளர்ந்து, வெயிலிற் கறுத்து, மீசை அரும்பி நின்றான். பாடல் தொடங்குமுன், ஐந்து ஆண்டின் முன் கிற்றார் கழன்றது எம் பிழையால் என்பதையும், அவன் உண்மையே உரைத்தான் என்பதையும் கூடியிருந்தோர் கேட்க ஒலிபெருக்கியிற் கூறினோம். அன்று பலர் முன் வைத்த பழியை இன்றும் பலர் முன்னரே எடுத்தல் முறை எனக் கொண்டோம்.

“அப்போதே எனக்குத் தெரியும், சேர்” என்றான் அவன். வேறொன்றும் சொல்லவில்லை. கிற்றாரை வாங்கி, வள்ளத்தின் அணியத்தைத் தட்டிப் பார்ப்பது போல் விரலால் தட்டிப் பார்த்தான். ஆறாம் நரம்பு இறங்கியிருந்தது. பிரடையைத் திருகிச் சரிசெய்தான். பின்னர் அதனை ஏழாந் தரத்துச் சிறுமியின் கையிற் கொடுத்துவிட்டு மணலில் அமர்ந்து இறுதிவரை கேட்டான். வாசிக்க வருமாறு யாம் வேண்டவில்லை, அவனும் கேட்கவில்லை. இப்போது சோளகம் தொழிலைத் தடுக்கும் நாள்களில் இடையிடையே வந்து சிறுவர்க்கு விரல் வைக்கும் முறை காட்டிச் செல்கின்றான்.

எமக்கு எழுத்தறிவித்த கல்லூரி அன்னையின் ஆசிரியர்களுள் ஒருவர், கரும்பலகையில் தாம் செய்த பிழையை மாணவன் ஒருவன் சுட்டியபோது, “நன்றாகச் சொன்னாய்” என்று கூறி அழித்து எழுதினார். அது எமக்கு அன்று சிறு நிகழ்ச்சியாகத் தோன்றிற்று. அதனை யாம் கற்க இத்துணை ஆண்டு சென்றன.